கழற்றாத கைக்கு ஒரு வாழ்த்து

கியூபெக் மாகாணத்தில் பனி இறுகியதும் 30,000 கிலோமீட்டருக்கும் மேலான ஸ்னோமொபைல் தடங்கள் திறந்துவிடும். அவற்றில் ஓடுகிறவர்களில் வேகப் பிரியர் உண்டு, மீன்பிடி ஏரிக்குப் போகிறவர் உண்டு, குடும்பத்தோடு உலாப் போகிறவர் உண்டு. இவர்கள் எல்லாரையும் ஒருபக்கம் நிறுத்திவிட்டு ஒருவருக்கு மட்டும் மாலை போடலாம் என்றிருக்கிறேன். டூ ஸ்ட்ரோக் வண்டி வாங்கிப் பல பருவம் ஓட்டியும் அதன் எக்ஸாஸ்ட் வால்வை ஒருநாளும் கழற்றிப் பாராதவர் அவர். அந்த மனவுறுதி எல்லாருக்கும் வாய்க்காது.

அவர் எதைத் தீண்டாமல் காத்து வந்திருக்கிறார் என்று தெரிந்தால்தான் அந்தப் பெருமையின் அளவு புரியும். டூ ஸ்ட்ரோக் என்ஜினில் எரிந்த புகை வெளியேறுவது சிலிண்டர் சுவரில் உள்ள ஒரு துவாரம் வழியாக. பிஸ்டன் இறங்கும்போது துவாரம் திறக்கும், ஏறும்போது மூடும். துவாரத்தின் மேல்விளிம்பு உயரமாக இருந்தால் சீக்கிரம் திறக்கும். என்ஜின் தலைதெறிக்கச் சுற்றும்போது அதுதான் தேவை. மெதுவாகச் சுற்றும்போது விளிம்பு தாழ்ந்திருந்தால்தான் இழுவை கிடைக்கும். ஒரே துவாரத்துக்கு இரண்டு உயரம் வேண்டும். அதற்காகத் துவாரத்தின் மேற்பக்கத்தில் ஒரு தகட்டைச் செருகி வைத்தார்கள். வேகம் குறைவாக இருக்கும்போது தகடு உள்ளே நீண்டு துவாரத்தின் உயரத்தைக் குறைக்கும். வேகம் ஏறினால் பின்வாங்கித் துவாரத்தை முழுசாகத் திறந்துவிடும். இந்த வால்வை ரோட்டாக்ஸ் என்ஜின்களில் ‘ரேவ்’ என்பார்கள், போலாரிஸ் வண்டிகளில் ‘வி.இ.எஸ்.’, ஆர்க்டிக் கேட் வண்டிகளில் ‘ஏ.பி.வி.’ பழைய ரேவ் வால்வில் புகையின் அழுத்தமே ஒரு ரப்பர் உறையைத் தள்ளி, ஸ்பிரிங்கின் எதிர்ப்பை மீறித் தகட்டை இழுக்கும். ஆர்க்டிக் கேட்டில் அந்த வேலையை ஒரு சிறு மோட்டார் கேபிள் கட்டிச் செய்தது. ஆக, இவ்வளவு புத்தி செலவழித்துச் செய்த ஒரு பொருள் அசைய வேண்டும். அசைவது ஒன்றுதான் அதன் வேலை.

நம்மவரோ அசைவை விரும்பாதவர்.

அவர் கடைப்பிடிக்கும் முறை வெகு நேர்த்தியானது. டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்தே எரிகிறது. எரிந்தும் எரியாமலும் மிஞ்சுவது புகைவழியில் படிகிறது. குளிர்ந்த என்ஜினை நிறுத்தின இடத்திலேயே நெடுநேரம் ஓடவிட்டால் படிவு கூடும். முழு வேகம் காட்டாமல் எப்போதும் தவழவிட்டாலும் கூடும். விலை குறைந்த மினரல் எண்ணெய் ஊற்றினால் கேட்கவே வேண்டாம். நம்மவர் மூன்றையும் பக்தியோடு செய்கிறார். காலையில் காப்பி குடித்து முடிக்கும்வரை வண்டி வீட்டு வாசலில் உறுமிக்கொண்டிருக்கும். என்ஜினுக்கு நோகும் என்று த்ராட்டிலை முழுசாக அழுத்த மாட்டார். எண்ணெய் விஷயத்தில் அவர் சிக்கனத்துக்கு இலக்கணம்: பத்தாயிரக்கணக்கான டாலருக்கு வண்டி வாங்கியவர், லிட்டருக்குச் சில டாலர் மிச்சம் பிடிக்கிறார். இப்படிப் பருவம் பருவமாகச் சேர்த்த கரி, தகட்டிலும் அது நகரும் இடுக்கிலும் அடிப்பிடித்த பால்சட்டியைப் போலக் கெட்டிப்பட்டிருக்கும். புகையழுத்தத்தை ரப்பர் உறைக்குக் கொண்டுபோகும் சின்னத் துளைகளும் அடைபட்டிருக்கும். பரம்பரைச் சொத்தைக்கூட இவ்வளவு கவனமாகச் சேர்த்து வைப்பவர்கள் குறைவு.

அவரிடம் கருவி இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கராஜுக்குள் போய்ப் பாருங்கள். ஸ்பானர்கள் அளவு வாரியாக அடுக்கி, எண்ணெய் பூசி, ஒரு கீறல் இல்லாமல் மின்னுகின்றன. சாக்கெட் பெட்டியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிபடவில்லை. ஔவை இந்தப் பக்கம் வந்திருந்தால் தொண்டைமானின் படைக்கலச் சாலையை மறந்துவிட்டு இவருடைய கராஜைத்தான் பாடியிருப்பாள்.

இந்தத் தவத்தின் பயனும் உடனுக்குடன் கிடைக்கிறது. தகடு உள்ளே நீண்ட நிலையிலேயே ஒட்டிக்கொண்டால் வண்டி கிளம்பும்போது நன்றாகத்தான் கிளம்பும். மேலே போனதும் மூச்சுப் பிடித்துக்கொள்ளும். 600 சிசி ரோட்டாக்ஸ் என்ஜின் தன் முழு வலுவைத் தருவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 8,000 சுற்றில். இவருடைய என்ஜின் அந்த எண்ணைத் தூரத்திலிருந்து மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருக்கும். பக்கத்து மாகாணமான ஒன்டாரியோவின் தடங்களில் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். சட்டத்தை மதிப்பதற்காக என்ஜினையே கட்டிப் போட்ட குடிமகன் வேறு எங்கே கிடைப்பான்? தகடு திறந்த நிலையில் ஒட்டிக்கொண்டாலோ நேர் எதிர்: கிளம்பும்போது வண்டி இழுக்காது, திணறும், பிறகு திடீரென்று பாயும். பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவிக்குத்தான் அந்த வியப்பு முழுசாகக் கிடைக்கும். இரண்டு சிலிண்டரில் ஒன்றில் தகடு ஒட்டி, மற்றதில் ஒட்டாமல் இருப்பதும் உண்டு. ஒரே என்ஜினுக்குள் இரண்டு சிலிண்டருக்கும் கருத்துச் சுதந்திரம் கொடுத்தவர் என்ற வகையில் அவர் ஒரு ஜனநாயகவாதியும்கூட.

குறை எங்கே என்று தேடுவதில் அவருக்கு நிகர் அவரே. முதலில் பெட்ரோல் பங்க்கைச் சந்தேகிப்பார். பிறகு ஸ்பார்க் பிளக்கை மாற்றுவார். அடுத்து பெல்ட். அதற்கும் அடுத்து கிளட்ச் ஸ்பிரிங். எதற்கும் மசியாவிட்டால் கூடுதல் குதிரைத்திறன் தரும் என்று விளம்பரம் செய்யப்படும் புது சைலன்சர் ஒன்றை வரவழைத்து மாட்டுவார். அடைத்துக்கொண்ட வாசலுக்கு வெளியே அகலமான சாலை போட்டாகிவிட்டது. வாசல் என்னவோ அப்படியேதான் இருக்கிறது. கடைசியில் உயரமான இடத்தில் காற்றில் ஆக்சிஜன் குறைவு என்று ஓர் அறிவியல் விளக்கமும் தருவார். கியூபெக்கின் தென்பகுதித் தடங்கள் பெரும்பாலும் அவ்வளவு உயரமில்லை என்பதைச் சொல்லி அவர் மனத்தைப் புண்படுத்த எனக்கு விருப்பமில்லை.

அவரோடு ஒப்பிட்டால் மற்றவர்கள் எவ்வளவு அற்பர்கள்! பருவத்துக்கு ஒருமுறை, பனி வருமுன், என்ஜின் ஆறிக் குளிர்ந்திருக்கும்போது அவசரப்பட்டுக் கழற்றிவிடுகிறார்கள். பழைய ரேவ் வால்வென்றால் மூடியைப் பிடித்திருக்கும் கம்பிக் கிளிப்பை நெம்பி, மூடியையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு, சிலிண்டரோடு பிணைத்திருக்கும் இரண்டு போல்ட்டைத் தளர்த்தினால் வால்வு கையோடு வந்துவிடும். ஒட்டிக்கொண்டிருந்தால் மெல்ல அசைத்து அசைத்து இழுக்க வேண்டும். சுத்தியல் எடுக்கக் கூடாது. தகட்டைக் கரைப்பானில் ஊறவைத்துப் பிரஷ் போட்டுத் தேய்க்கிறார்கள். கத்தியால் சுரண்டிக் கீறல் போடுவதில்லை. ரப்பர் உறையைப் பிரேக் கிளீனரில் முக்கினால் ஊதிக் கெட்டுவிடும் என்று அதை மட்டும் தனியே எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஓர் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் அழுத்தம் நிற்காது, வால்வு முழுசாகத் திறக்காது. சிலிண்டர் பக்கத்து இடுக்கையும் சின்னத் துளைகளையும் சுத்தம் செய்கிறார்கள். தகட்டின் நுனிச் சாய்வு துவாரத்தின் சாய்வோடு பொருந்துகிறதா என்று பார்த்து, புது கேஸ்கெட் வைத்து மாட்டி, விரலால் தள்ளிப் பார்த்து, வழுக்கிக்கொண்டு போனால் முடித்துவிடுகிறார்கள். பழக்கப்பட்ட கைக்கு இரண்டு வால்வும் சேர்ந்து ஒரு பொழுதுகூட ஆகாது. அவ்வளவு மலிவான காரியத்தில் என்ன பெருமை இருக்கிறது?

இந்த இடத்தில் நம்மவரின் தம்பி ஒருவரையும் நினைவுகூர வேண்டும். அவர் கழற்றுவார். கழுவுவார். பிறகு அன்பு மிகுதியால் தகட்டில் கிரீஸ் அப்பி மாட்டுவார். வெந்து தீரும் புகைவழியில் அந்தக் கிரீஸ் சில நாளிலேயே கரியாகிவிடும். அண்ணன் பல வருஷத்தில் சாதித்ததைத் தம்பி ஒரே வாரத்தில் எட்டிப் பிடித்துவிடுகிறார். இளையவர்கள் வேகமானவர்கள்தான்.

இந்த வண்டி இனத்துக்கே தந்தை ஜோசப்-அர்மான் பொம்பார்டியே. கியூபெக்கின் வால்கூர் ஊர்க்காரர். 1922 கடைசியில், 15 வயதில், ஃபோர்டு மாடல் டி என்ஜின் ஒன்றைச் சறுக்கு வண்டியில் ஏற்றி, பின்னால் விமானத்துக்கு வைப்பது போல ஒரு விசிறி மாட்டி, ஊருக்குள் ஓட்டிக் காட்டினார். பார்த்துப் பயந்த அப்பா உடனே பிரித்துப் போடச் சொன்னார், பையனும் பிரித்தான். பிரித்தும் பூட்டியும் பழகிய அந்தக் கையிலிருந்துதான் 1959-இல் ‘ஸ்கி-டூ’ வந்தது. அந்த மரபை நம்மவர் பாதியளவுக்காவது காப்பாற்றுகிறார் என்று சொல்லலாம்: அவரும் கராஜுக்குள் போகிறார்.

மெக்கானிக்கின் குடும்பம் மட்டும் அவரை எந்நாளும் மறக்காது. தகட்டிலிருந்து உதிர்ந்த கரித்துண்டு பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே சிக்கிக் கீறல் விழுந்தால், பழைய இரும்பு சிலிண்டர்போல ரீபோர் செய்து பெரிய பிஸ்டன் போட்டுச் சமாளிக்க முடியாது. ரோட்டாக்ஸ் சிலிண்டரின் உட்சுவரில் நிக்கசில் என்ற உலோகப் பூச்சு இருக்கிறது. மறுபூச்சுக்கு அனுப்ப வேண்டும், அல்லது புது சிலிண்டர் வாங்க வேண்டும். அடுத்தவன் பிழைக்க வேண்டும் என்று தன் சிலிண்டரையே கொடுக்கிறவரை வள்ளல் என்றுதானே அழைப்போம்!

சிலிண்டர் போகும் நாள்வரை அவர் காத்திருப்பதில்லை. பெரும்பாலும் அதற்கு முன்பே வண்டியை விற்றுவிடுவார். விற்பனை அறிவிப்பில் நாலாவது வரியாக, மனதறிந்து பொய் சொல்லாத அந்த மனிதர் எழுதுவார்: “ஒருமுறைகூடக் கழற்றாத என்ஜின்.” ஒவ்வொரு எழுத்தும் உண்மை. அந்த வரியைப் படித்துவிட்டு அவர் வீட்டுக்கு நீங்கள் போவதாக இருந்தால், பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் அனுமதி கேட்டு அந்த இரண்டு போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். ஸ்பானர் கொண்டுபோக வேண்டாம். அவரிடம் புதுசாகவே இருக்கும்.