பல் பிடுங்கும் படலம்

1994 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த மூன்று பையன்கள் ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். பேண்டின் பெயர் க்ரீன் டே. ஆல்பத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'டூக்கி', அதாவது மலம். அந்தப் பெயருக்கு நாலு பேர் வாங்கினாலே அதிகம். அமெரிக்காவில் மட்டும் அது ஒரு கோடியைத் தாண்டி விற்றுத் தொலைத்தது.

மற்றவர்களாக இருந்தால் மொட்டை போட்டு நேர்த்திக்கடன் தீர்த்திருப்பார்கள். ஆனால் இவர்கள் பங்க் ராக்கர்கள். பங்க் மதத்தில் காசு சம்பாதிப்பதுதான் பெரிய பாவம். அதற்குப் பரிகாரமும் கிடையாது.

அந்த மதத்தின் கோயில் பெர்க்லியில் இருந்தது: 924 கில்மன் தெரு, ஒரு பழைய கிடங்கு. மது கூடாது, போதை கூடாது, அடிதடி கூடாது, நிறவெறி கூடாது என்று வாசலிலேயே எழுதி வைத்திருப்பார்கள். எந்த அதிகாரத்துக்கும் தலைவணங்க மாட்டோம் என்றவர்கள் போட்ட சட்டங்களைப் பார்த்தால் மாம்பலத்து வீட்டுக்காரர்களே பொறாமைப்படுவார்கள். அதில் தலையாய சட்டம், பெரிய இசைத்தட்டுக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட பேண்டுக்கு மேடை இல்லை என்பது. க்ரீன் டே வளர்ந்ததே அந்த மேடையில்தான். 1993-ல் அவர்கள் ரிப்ரைஸ் கம்பெனியில் கையெழுத்துப் போட்டார்கள். ஃபிராங்க் சினாட்ரா ஆரம்பித்த கம்பெனி அது! கேட்க வேண்டுமா? ஊர்விலக்கு. பேண்டின் பாடகர் பில்லி ஜோ சாக வேண்டும் என்று கில்மன் சுவரில் கிறுக்கி வைக்கும் அளவுக்குப் போனது பாசம்.

இதற்கிடையே 1994 ஆகஸ்டில் உட்ஸ்டாக் இசை விழா. மழை பெய்து மைதானம் முழுக்கச் சேறு. கூட்டம் சேற்றை அள்ளி மேடைமேல் வீச, பேண்டும் மரியாதை குறையாமல் திருப்பி வீசியது. ரசிகர்கள் மேடையேறினார்கள். பாஸ் கிடாரிஸ்ட் மைக் டர்ன்ட்டும் சேறாகத்தான் இருந்தார். அவரையும் அத்துமீறிய ரசிகர் என்று நினைத்துப் பாதுகாவலர் ஒருவர் பாய்ந்து அமுக்கினார். பல் உடைந்தது. சொந்தக் கச்சேரியிலேயே அடிவாங்கிய பேண்டை நாடே திரும்பிப் பார்த்தது. ஆல்பம் இன்னும் பிய்த்துக்கொண்டு போனது. பாவக்கணக்கும் கூடவே ஏறியது.

இந்தப் பாவத்தைக் கழுவ 1995 அக்டோபரில் வந்தது 'இன்சோம்னியாக்'. தூக்கம் வராதவன். கலகக்காரனின் தூக்கத்தைக் கெடுத்தது முதலாளித்துவமா, அரசாங்கமா என்றால், இரண்டும் இல்லை, வீட்டில் கைக்குழந்தை. பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங்குக்கு அப்போது 23 வயது. நடுராத்திரியில் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு உலகத்தின் மேல் கோபப்படுவது சாதாரணக் காரியமா?

கோபத்துக்குக் குறைவில்லை. பதினான்கு பாட்டு, முக்கால் மணி நேரம்கூட ஓடாது. சிரிப்பு, சிணுங்கல் எதுவும் இல்லாமல் ஒரே வெறுப்பு. அட்டைக்கு டெட் கென்னடிஸ் பேண்டுக்குப் படம் செய்த வின்ஸ்டன் ஸ்மித்தைப் பிடித்து, மண்டையோடுகள் ஒளிந்திருக்கும் ஒட்டுப்படம் வாங்கிப் போட்டார்கள். முதலில் வெளியிட்ட பாட்டு 'கீக் ஸ்டிங்க் ப்ரெத்', போதைமருந்தில் வாய் அழுகுவதைப் பற்றியது. அதன் வீடியோவில் பல் மருத்துவர் குறடு போட்டு இழுக்க, ரத்தத்தோடு நிஜப் பல் ஒன்று வெளியே வருகிறது. டிஃபன் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தவன் வடையைக் கீழே வைத்திருப்பான். போன வருஷம் தற்செயலாக உடைந்த பல்லை இந்த வருஷம் திட்டம் போட்டே பிடுங்கிவிட்டார்கள். '86' என்ற பாட்டு, பழைய இடத்துக்குத் திரும்பிப் போனால் கிடைக்கும் வரவேற்பைப் பற்றியது. அதாவது கில்மனுக்கு ஒரு மனு.

மனுவில் ஒரே ஒரு சிக்கல். யாருக்காக எழுதினார்களோ, அவர்கள் பெரிய கம்பெனி ஆல்பத்தைத் தொடுவதில்லை என்று சபதம் எடுத்தவர்கள். ஆல்பத்தை வாங்கியதெல்லாம் எந்தக் கும்பல் வாங்கியதால் பாவம் வந்ததோ, அதே கும்பல்தான். பில்போர்டு பட்டியலில் வந்தவுடனேயே இரண்டாம் இடம். கொஞ்ச நாளிலேயே இருபது லட்சம் போனது. கில்மன் கணக்கில் இது கூடுதல் துரோகம். கம்பெனி கணக்கிலோ, கோடிக்கு அப்புறம் வந்த லட்சம் என்பதால் சறுக்கல். ஒரே ஆல்பத்தில் துரோகியும் தோல்வியாளனும் ஆவதற்குத் தனித்திறமை வேண்டும். 1996-ல் ஓய்ந்துபோய் ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தையே ரத்து செய்துவிட்டு வீடு திரும்பினார்கள். தூக்கம் வந்ததா என்பது வேறு விஷயம்.

மன்னிப்பு வர இருபது வருஷம் ஆனது. 2015 ஏப்ரலில் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபம் க்ரீன் டேயைச் சேர்த்துக்கொண்டது. அதற்கு அடுத்த மாதம், தீ விபத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிதி திரட்டும் கச்சேரி என்ற சலுகையில், கில்மன் அவர்களை மேடையேற்றியது. ராக் உலகின் உச்சபட்ச கௌரவமே அந்தக் கிடங்கின் மேடையைவிட ஒரு மாதம் முன்னால் கிடைத்துவிட்டது. புகழ் மண்டபத்தில் அவ்வளவு கண்டிப்பு கிடையாது போலிருக்கிறது.