உப்புக்காற்றில் ஒரு ஜெர்மன் வண்டி

? எனக்குத் தெரிந்தவர் புதுப்பித்த பழைய பி.எம்.டபிள்யூ. ஆர் 100 ஆர்.எஸ். ஒன்றை விற்கிறார். அப்படி என்ன விசேஷம் அதில்?
– வாசகர், எருக்கலம்பிட்டி

1976இல் வந்த வண்டி. 980 சி.சி., 70 குதிரைவலு. முன்மூடியை வடிவமைத்தவர் ஹான்ஸ் மூத். இத்தாலியின் பினின்ஃபரீனா காற்றுச்சுரங்கத்தில் வைத்து அதற்கு உருக் கொடுத்தார்கள். எதிர்காற்று ஓட்டுபவரின் நெஞ்சில் அறையாது. நாள் முழுக்க ஓடியும் தோள் வலிக்காது. நெடுந்தூரத்துக்கும் வேகத்துக்கும் ஒருசேரப் பிறந்த வண்டி.

? சிலிண்டர் இரண்டும் இரு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கின்றனவே, எதற்கு?
– மாணவர், விடத்தல்தீவு

இரண்டுக்கும் ஒரே அளவு காற்றுப் பட. 1923இல் ஆர் 32க்கு மாக்ஸ் ஃபிரிட்ஸ் போட்ட அமைப்பு இது. வால்வு இடைவெளி பார்க்க ஒரு முக்காலி போதும், பெற்றோல் தாங்கியைக் கழற்றத் தேவையில்லை. பின்சில்லுக்குச் செயினும் கிடையாது, ஷாஃப்ட்தான். மணலும் உப்பும் செயினைத் தின்னும் நம் ஊருக்கு இதைவிட என்ன வேண்டும்?

? "முழுக்கப் புதுப்பித்தது" என்கிறார் விற்பவர். பளபளவென்றுதான் இருக்கிறது. நம்பலாமா?
– வாசகர், தலைமன்னார்

பளபளப்பை நம்பாதீர்கள். பெயின்ற் ஒரு கிழமை வேலை. பிரித்துப்போட்ட நிலையில் எடுத்த படங்களையும் உதிரிப்பாக வாங்கிய பற்றுச்சீட்டுகளையும் கேளுங்கள். உண்மையாக உழைத்தவர் அவற்றைப் பொக்கிஷம்போல் வைத்திருப்பார். அடுத்து, பெற்றோல் தாங்கியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். 1980 வரை வந்த வண்டிகளில் முன்பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் தாங்கிக்கு அடியில் ஒளிந்திருக்கும். அது கசிந்தால் பிரேக் எண்ணெய் சட்டத்தின் பெயின்றைத் தின்றுவிடும். அந்த இடம் உரிந்து, துருவேறிக் கிடந்தால் மேல்பூச்சு எதை மறைத்தது என்று புரியும்.

இன்னொன்று, புகைக்குழாயை சிலிண்டர் தலையோடு இறுக்கும் வளைய நட்டு. ஆண்டுக்கொரு முறை கழற்றி, மசகு பூசி மாட்டாவிட்டால் மரையோடு இறுகிவிடும். கடற்கரையில் இன்னும் விரைவாக இறுகும். பலவந்தமாகத் திருகினால் சிலிண்டர் தலையின் மரையே போய்விடும். கடைசியாக அதை எப்போது கழற்றினார் என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் விலையைக் குறையுங்கள்.

? எஞ்சின் நம்பர் பார்க்கச் சொல்கிறார்கள். அவசியமா?
– வாசகர், நானாட்டான்

மிக அவசியம். இந்த வண்டிகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது சட்டத்திலும் எஞ்சினிலும் ஒரே இலக்கம் இருக்கும். எண்ணெய் பார்க்கும் கம்பிக்கு மேலே எஞ்சினில் பொறித்திருப்பதையும் சட்டத்தின் கழுத்தில் இருப்பதையும் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரிக்கும்வரை முற்பணம் கொடுக்க வேண்டாம். விலையிலும் கவனம் வேண்டும். 2020இல் வாகன இறக்குமதி நின்றது, 2025இல்தான் திறந்தது. அந்த இடைக்காலத்து விலையை இன்றும் சொல்பவர்கள் உண்டு.

? வள்ளத்து எஞ்சினை விற்றாவது வாங்கித் தா என்று மகன் அடம்பிடிக்கிறான்.
– தகப்பன், பேசாலை

விற்காதீர்கள் அண்ணை. அந்த எஞ்சின் உங்கள் வீட்டுச் சோறு. மகனை நல்ல கராஜ் ஒன்றில் சேர்த்துவிடுங்கள். இந்த வண்டியைத் திறந்து பூட்டத் தெரிந்தவனுக்கு ஊரில் மதிப்பு உண்டு. பிறகு தன் உழைப்பில் வாங்கட்டும்.

? உதிரிப்பாகம் கிடைக்குமா?
– வாசகர், முருங்கன்

கிடைக்கும். பழைய வண்டிகளுக்கான பாகங்களை பி.எம்.டபிள்யூ. இன்றும் விற்கிறது. வந்து சேரும் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

? இரவில் மன்னார்த் தீவுக்குள் வேகமாக ஓட்டலாமா?
– வாசகர், உப்புக்குளம்

கூடாது. நம் கழுதைகள் வெளிச்சத்துக்கு விலகாது. தாங்கி நிறைந்தால் வண்டி சுமார் 230 கிலோ. மோதினால் கழுதையும் சாகும், நீங்களும் தப்பமாட்டீர்கள்.

? வாங்கிவிட்டேன்! முதல் ஓட்டம் எங்கே?
– வாசகர், தாழ்வுபாடு

வாழ்த்துகள்! விடியக் கிளம்பிப் பூநகரி வழியாக, 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தைத் தாண்டி யாழ்ப்பாணம் போய் வாருங்கள். சோளகம் பலமாக வீசும் நாளென்றால் மன்னார்த் தாம்போதியில் மெதுவாகப் போங்கள். அந்த முன்மூடி எதிர்காற்றுக்குத்தான் கேடயம், பக்கக்காற்று வண்டியைத் தள்ளும். வீடு திரும்பி எஞ்சின் ஆறியதும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வள்ளத்து எஞ்சினுக்குச் செய்வதுதான், இதற்கும் அதே கவனம் வேண்டும்.