சோமாசியில் எஞ்சும் மாவும் எஞ்சும் பூரணமும்: ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

சோமாசி சுட்ட எந்த வீட்டிலும் மாவும் பூரணமும் ஒருசேரத் தீர்ந்ததாகச் சான்று இல்லை. ஒன்று தீரும்போது மற்றொன்று கிண்ணத்தில் கிடந்து நம்மையே பார்க்கும். இந்த ஆய்வுக்குப் பெங்களூருத் தமிழ் வீடுகள் மிகத் தோதானவை. ஊரில் தீபாவளிக்கு மட்டும் நேரும் சிக்கல் இங்கே முன்னதாகவே தலைகாட்டிவிடும். கௌரி கணேசப் பண்டிகைக்குக் கன்னடத்து அண்டை வீட்டார் கர்ஜிக்காய் அனுப்புவார்கள். வாங்கிய தட்டை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்பது மரபு. ஆகவே நம் வீட்டிலும் வாணலி ஏறும்.

2. வரையறை

மைதா, கொஞ்சம் சிரோட்டி ரவை, காய்ச்சிய நெய், சிட்டிகை உப்பு ஆகியவற்றைக் கெட்டியாகப் பிசைந்து, வட்டமாகத் தேய்த்து, பூரணம் வைத்து, அரைவட்டமாக மடித்து, ஓரத்தை ஒட்டிப் பொரித்தால் அது சோமாசி. பொட்டுக்கடலை மாவு, சர்க்கரை, கொப்பரை, கசகசா, ஏலக்காய் சேர்ந்தது இனிப்புப் பூரணம். மராட்டியரின் கரஞ்சியும் வடவரின் குஜியாவும் இதே குலம்.

கடல் கடந்த பங்காளி, இங்கிலாந்தின் கார்ன்வால் பாஸ்டி. சுரங்கத் தொழிலாளரின் கட்டுச்சோறாகப் பேர்பெற்றது. அந்தக் கார்ன்வால் தொழிலாளர்கள்தான் 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி கோலார் தங்கவயலில் கால்வைத்த பின் இங்கும் வந்து இறங்கினார்கள். 2011-இல் ஐரோப்பிய ஒன்றியம் பாஸ்டிக்குப் புவிசார் குறியீடு அளித்தது. அதன்படி அது ஆங்கில டி எழுத்தின் வடிவில் இருக்க வேண்டும், மடிப்பு பக்கவாட்டில் வர வேண்டும், மாட்டிறைச்சி 12.5 விழுக்காடாவது இருக்க வேண்டும். நம் சோமாசி முதல் இரண்டு விதிகளில் முழு மதிப்பெண் பெறுகிறது. மூன்றாவதில் தேர்வே எழுதவில்லை.

3. மாவு எஞ்சுவதன் கணிதம்

பெரிதாகத் தேய்த்த மாவில் டப்பா மூடியைக் கவிழ்த்து வட்டங்கள் வெட்டுகிறோம். ஒரே அளவுள்ள வட்டங்களை எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் பரப்பில் 90.69 விழுக்காட்டுக்கு மேல் நிரப்ப முடியாது. ஹங்கேரியக் கணிதர் லாஸ்லோ ஃபெயெஷ் தோத் 20ஆம் நூற்றாண்டில் இதை ஐயமற நிறுவிவிட்டார். ஆக, மிகச் சிறந்த மருமகள் வெட்டினாலும் ஒவ்வொரு சுற்றிலும் நூற்றுக்கு ஒன்பது பங்குக்கு மேல் மாவு மிஞ்சியே தீரும். அதைத் திரட்டி மறுபடி தேய்க்கலாம், மறுபடியும் மிஞ்சும். பிசையப் பிசைய மைதாவின் பசைத்தன்மை இறுகி, தேய்த்த மாவு சுருங்கிக்கொள்ளவும் தொடங்கும்.

4. பூரணம் எஞ்சுவதன் உளவியல்

முதல் சோமாசியில் தாராள மனத்தோடு இரண்டு கரண்டி பூரணம் வைக்கப்படுகிறது. எண்ணெயில் இறங்கிய சற்று நேரத்தில் மாவிலுள்ள ஈரம் ஆவியாகி உள்ளே உப்பும். ஒட்டிய ஓரத்தில் ஊசிமுனை அளவு இடைவெளி கிடைத்தால் போதும், பொட்டுக்கடலை மாவு புகைபோலப் பீறிடும். கூடவே சிந்தும் சர்க்கரை அடியில் போய்க் கருகி, கருங்கல் பொடியாகி, அடுத்து வரும் சோமாசிகளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். அச்சம் பிறக்கிறது. மூன்றாவது சோமாசியிலிருந்து பூரணம் அரைக் கரண்டி. முடிவில் பூரணம் மிஞ்சும்.

சென்னை உறவினர் சிலர் இவ்வெடிப்புக்குப் பெங்களூரின் உயரத்தைக் காரணம் காட்டுவர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதிப்பது உண்மைதான். ஆனால் பொரிக்கும் எண்ணெய் 160 டிகிரியைத் தாண்டியிருக்கையில் இந்த மூன்று டிகிரி எதையும் சாதிக்காது. ஓரத்தில் பால் தொட்டு ஒட்டாததுதான் குற்றம்.

5. காரச் சோமாசியின் தோற்றம்

இரண்டு எச்சங்களும் சமமல்ல. மிஞ்சிய பூரணத்தைக் குழந்தைகள் கரண்டியால் தின்றே தீர்ப்பார்கள். பச்சை மாவைத் தின்பார் இல்லை. ஆகவே இறுதி எச்சம் எப்போதும் மாவே. அப்போது சமையலறையில் நிகழும் உரையாடல் ஆய்வுலகம் கவனிக்கத் தக்கது.

“அத்தை, பூரணம் தீந்துபோச்சு. மாவு இன்னும் நாலு உருண்டை இருக்கு.”

“காலையில செஞ்ச உருளைக்கிழங்குப் பல்யா இருக்குல்ல, அதை எடும்மா.”

இவ்வாறே காரச் சோமாசி பிறந்தது என்பது இக்கட்டுரையின் துணிபு. அது தனிப் பலகாரம் அன்று; இனிப்புச் சோமாசியின் பாக்கி.

6. மறுப்பும் மறுமொழியும்

14ஆம் நூற்றாண்டில் முகம்மது பின் துக்ளக்கின் விருந்தில் கொத்திய இறைச்சி, பாதாம், பிஸ்தா வைத்து நெய்யில் பொரித்த சமூசாவை இப்னு பதூதா குறித்திருக்கிறாரே, அது எதன் பாக்கி என்று கேட்கலாம். சுல்தானின் அடுக்களையில் மிச்ச மாவைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. நம் கொள்கை, மளிகைக் கணக்கு எழுதும் வீடுகளுக்கு மட்டுமே பொருந்தும்.

இங்கிலாந்தின் பெட்ஃபர்ட்ஷயர்க்காரர்கள் ஒரே உருளையின் ஒரு முனையில் இறைச்சியும் மறுமுனையில் ஜாமும் வைத்து, கிளாங்கர் என்று பெயரிட்டுச் சிக்கலைத் தீர்க்கப் பார்த்தார்கள். இரண்டு பூரணமும் தனித்தனியே மிஞ்சும் வாய்ப்பை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

7. முடிவு

பல்யாவும் தீர்ந்த பின் எஞ்சும் மாவைச் சாய்சதுரமாக வெட்டிப் பொரித்துச் சர்க்கரை தூவினால் சங்கரபோளி என்று சொல்லித் தட்டில் வைத்துவிடலாம்; அண்டை வீட்டார் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அத்துடன் மாவுச் சிக்கல் முற்றிலும் தீர்கிறது. வாணலியில் எஞ்சும் எண்ணெயை என்ன செய்வது என்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அதற்கு முதலில் வடைக்கு ஊறப்போட வேண்டும்.