சம்பந்தியின் ஜான் ஸ்மித்

மகளை பாஸ்டன் பக்கம் கட்டிக்கொடுத்ததில் எனக்கு வாய்த்த சம்பந்தி வெள்ளைக்காரர். 1775-ல் பிரிட்டிஷ் துருப்புகளை எதிர்த்து ஓடிய ஊர்ப்படையில் தன் பாட்டனுக்குப் பாட்டன் ஜான் ஸ்மித் இருந்தார் என்று நிரூபித்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. மாசசூசெட்ஸ் மாநிலம் அந்த வீரர்களின் பெயர்களை 1896 முதல் 1908 வரை 17 தொகுதிகளாக அச்சிட்டிருக்கிறது. ஜான் ஸ்மித்துக்கு அதில் பஞ்சமே இல்லை. நம்மவர் எந்த ஸ்மித் என்பதுதான் வழக்கு.

"நான் பார்க்கிறேன்" என்றேன். "கேஸ் புக் யார் பேர்ல இருக்குன்னே தெரியாது, இவர் அமெரிக்காக்காரன் பாட்டனைக் கண்டுபிடிக்கிறாராம்" என்றாள் மனைவி.

அவளுக்கு என் தொழில் தெரியாது. காலமெல்லாம் பயணப்படி பில்களுக்கு அப்ஜெக்‌ஷன் போட்டு வாழ்ந்தவன் நான். அந்த ஊர்ப்படைப் பட்டியல்களும் பெரும்பாலும் சம்பளப் பட்டியல்கள்தானே! ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டனில் சண்டை என்று சேதி வந்ததும் ஓடியவர்களுக்கு எத்தனை நாள், எத்தனை மைல் என்று கணக்கெழுதி, மைலுக்கு ஒரு பென்னி கொடுத்திருக்கிறார்கள். வீரத்துக்கென்று தனிப் பத்தி கிடையாது.

பட்டியலில் இருந்த ஜான் ஸ்மித்களில் சம்பந்திக்குப் பிடித்திருந்தது ஒரு சார்ஜென்ட். "ஜூனியர் என்று போட்டிருக்கிறது, எங்கள் குடும்பத்து மகன்தான்" என்றார். அந்தக் காலத்தில் ஜூனியர் என்றால் மகனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் இளையவர் ஜூனியர். உறவே இல்லாமலும் இருக்கலாம். மூத்தவர் போய்ச்சேர்ந்தால் இவருக்குப் பதவி உயர்வு. எங்கள் தெருவில் பெரிய சுப்பையா, சின்ன சுப்பையா என்பது போலத்தான். இருவருக்கும் பேச்சுவார்த்தைகூட இல்லை.

பிறகு கேப்டனைப் பிடித்தேன். படைப்பிரிவுகள் ஊர்வாரியாகத் திரட்டப்பட்டவை. கேப்டன் தெரிந்தால் ஊர் தெரியும். சார்ஜென்டின் கேப்டன் பக்கத்து ஊர்க்காரர். போதாததற்கு, சார்ஜென்ட் சம்பளம் வாங்கியதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். சம்பந்தியின் ஸ்மித்தோ நடுவயதில் நிலம் விற்ற பத்திரத்தில் கையெழுத்துக்குப் பதில் கீறல்தான் வைத்திருக்கிறார். தள்ளாத கிழவர் என்றால் கைநடுக்கம் என்று விட்டிருப்பேன். 1832-ல் வந்த ஓய்வூதியச் சட்டத்தின்கீழ் கோர்ட்டில் தன் சேவையைச் சொன்ன மனு ஏதும் சம்பந்தியின் ஸ்மித்துக்கு இல்லை. இருந்திருந்தால் கேப்டன் பெயரை அவர் வாயாலேயே கேட்டிருக்கலாம்.

மிஞ்சியவர், சம்பந்தியின் ஊரிலிருந்தே ஓடி, சில நாளில் திரும்பி, மைலுக்குப் பணம் வாங்கிய ஒரு சாதாரணச் சிப்பாய். சம்பந்தியின் குரல் இறங்கியது. "மைலையாவது கூட்டி எழுதாமல் இருந்தாரா?" என்றார்.

வரைபடத்தில் அளந்து பார்த்தேன். இவ்வளவு குறைவாக எழுதிய பில்லை என் சர்வீஸில் பார்த்ததே இல்லை என்று சொன்னேன். சம்பந்தி அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.