லிட்டருக்குப் பதினேழு

திருச்சானூரில் டீசல் பிக்கப் வைத்து ஓட்டுகிறவரின் வண்டி என்ன மைலேஜ் தருகிறது என்பது, கேட்கிறவர் யார் என்பதைப் பொறுத்தது. கல்யாண மண்டபத்துக்குப் பாத்திரம் ஏற்ற வாடகை பேச வந்தவரிடம், “பத்துகூட வரல சார், டீசல் விக்கிற விலையில கட்டுப்படியாகாது” என்பார். வண்டியை விலைக்குக் கேட்டு வந்தவருக்கு அதே வண்டி பதினேழு தரும். டீக்கடை பெஞ்சில் இன்னொரு டிரைவர் தன் வண்டி பதினேழு என்று சொல்லிவிட்டால், இவருடையது அந்தக் கணமே பதினெட்டாகிவிடும். தமிழில் பதினேழு, தெலுங்கில் பதிஹேடு. மொழி மாறினால் எண் மாறாது; ஆள் மாறினால்தான் மாறும். ஆகவே என் கட்சி இது: மைலேஜை இவர் அளப்பதில்லை, அறிவிக்கிறார்.

அளப்பதற்கு வழி இல்லாமலில்லை. டேங்கை வாய்வரை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, நாலு நாள் ஓட்டி, மறுபடி வாய்வரை நிரப்பினால், ஓடிய தூரத்தைப் பிடித்த லிட்டரால் வகுக்கச் சின்னப் பையனுக்கும் தெரியும். ஆனால் நம்மவர் நிரப்புவது 500 ரூபாய்க்கு, அடுத்த நாள் 300 ரூபாய்க்கு. ஒரேயொரு நாள்தான் டேங்க் ஃபுல்: தமிழ்நாட்டுக்குள் போகும் நாள். அங்கே டீசல் ஆந்திராவைவிட மலிவு. கோயம்பேட்டுக்கு லோடு போய்விட்டுத் திரும்பும் வழியில் திருத்தணியில் நிரப்பினால் அது புத்திசாலித்தனம். அதற்கென்றே எல்லை தாண்டிப் போனால் கணக்கு வேறு. லிட்டருக்கு 5 ரூபாய் மிச்சம் என்றே வைத்துக்கொள்வோம். 60 லிட்டருக்கு 300 ரூபாய். போகவர 130 கிலோமீட்டருக்கு, அவரே பெருமையாகச் சொல்லும் பதினேழு கொடுத்தாலும், ஏழரை லிட்டர் எரிந்திருக்கும். டயருக்கு நைட்ரஜன் அடிக்கக் காசு கொடுப்பதும் இந்த வகைதான். ஓசிக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். டயரில் காற்று குறையாமல் பார்த்துக்கொண்டால் மைலேஜ் கூடும் என்பது உண்மை. ஆனால் அது எந்தக் காற்று என்று டயர் விசாரிப்பதில்லை.

அவருடைய பிரம்மாஸ்திரம் நியூட்ரல். மதனப்பள்ளியில் தக்காளி ஏற்றிக்கொண்டு பாகராப்பேட்டை காட் ரோட்டில் இறங்கும்போது கியரைத் தட்டிவிட்டு, “இனிமே டீசலே வேணாம்ணா, சாமி தள்ளும்” என்பார். சாமி தள்ளுவது மெய்தான். டீசல் வேண்டாம் என்பது பொய். கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்றைய காமன் ரெயில் இன்ஜினில் ஊசிகள் டீசல் விடுவதை நிறுத்திவிடும். சக்கரமே இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலிலோ இன்ஜின் அணையாமலிருக்கத் தன் பங்கு டீசலைக் குடித்தாக வேண்டும். லேசான சரிவில் நியூட்ரல் கொஞ்சம் தூரம் கூட உருட்டுமே என்று கேட்கலாம். உருட்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காட் ரோட்டில் ஒவ்வொரு வளைவிலும் பிரேக் பிடித்தாக வேண்டும். இன்ஜின் செய்யவேண்டிய வேலையையும் சேர்த்து பிரேக் லைனிங் சுமந்து, சூடேறி, பிடிக்க வேண்டிய வளைவில் பிடிக்காமல் போகலாம். மிச்சம் பிடித்தது ஒரு டம்ளர் டீசல்கூட இருக்காது.

மேட்டில் போனதை இறக்கத்தில் பிடிக்கலாம் என்ற ஆசைதான் இதற்கெல்லாம் வேர். மூன்று டன்னை 500 மீட்டர் உயரம் தூக்கவே கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் வேண்டும். அது போனது போனதுதான். மிச்சம் பிடிக்கும் இடம் வேறு, வலது கால். வேகம் 60-லிருந்து 80-க்கு ஏறினால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்காகிறது. கேபின்மேல் கேரியர், படபடக்கும் தார்ப்பாய் எல்லாம் அதற்கு உபயம். இவரோ இன்ஜெக்டரைச் சந்தேகிப்பார், பங்க்காரரைச் சந்தேகிப்பார், காலை மட்டும் சந்தேகிக்கமாட்டார். டீக்கடை வாசலில் அரைமணி நேரம் வண்டி உறுமிக்கொண்டு நிற்கும். கேட்டால், செல்ஃப் அடித்தால் பேட்டரி போய்விடும் என்பார்.

வாடகை ஏறாத ஊரில் டீசல்தான் பெரிய செலவு, பாவம் அவரைக் கேலி செய்யலாமா என்று சிலர் கேட்பார்கள். செலவு பெரியது என்பதால்தான் கேட்கிறேன்: இவ்வளவு பெரிய செலவுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டாமா? பால் கணக்குக்கே வீட்டில் ஒன்று இருக்கிறது.

அவருடைய வண்டியை வாங்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. மைலேஜை நீங்கள் கேட்காதீர்கள். ஒரு வாரம் முன்னால் வேறொருவரை வாடகை பேச அனுப்பிவையுங்கள்.