தச்சர் பீட்டரின் ஒரு வாரப் படிப்பு

பாய்மரப் படகிலேயே ஒரு வாரம் தங்கி, சமைத்து, தளம் கழுவி, கயிறு இழுத்து, கடைசி நாள் கையில் சான்றிதழோடு இறங்கும் பயிற்சிகள் இப்போது பல நாடுகளில் நடக்கின்றன. ஏறின உடனே காப்டன் ஒரு விதியைச் சொல்லிவிடுவார்: கரையில் நீ யாராக வேண்டுமானாலும் இரு, இங்கே நான் காட்டுகிற கயிற்றை இழுக்கிற ஆள். காசு கட்டினவர்களும் வாயை மூடிக்கொண்டு இழுப்பார்கள். இந்த விதியை மனதார ஏற்றுக்கொண்டு, கொஞ்சம்கூடக் கடைப்பிடிக்க முடியாமல், சரியாக ஒரு வாரத்தில் படிப்பை விட்டு ஓடிய மாணவர் ஒருவர் உண்டு. உயரம் கிட்டத்தட்ட 6 அடி 8 அங்குலம். ஊர் மாஸ்கோ. தொழில், ரஷ்யப் பேரரசர்.

மகா பீட்டருக்குப் படகுப் பித்து பிடித்தது பதினாறு வயதில். 1688-ல் இஸ்மாயிலோவோ என்ற இடத்தில், பாட்டன் வழிச் சொந்தக்காரர் ஒருவரின் தட்டுமுட்டுச் சாமான் கொட்டகையைக் குடைந்துகொண்டிருந்தார். அரசனாக இருந்தால் என்ன, பையன் பையன்தானே. அடியில் ஒரு பழைய வெளிநாட்டுப் படகு கிடந்தது. கூட இருந்த டிம்மர்மான் என்ற டச்சுக்காரர், “இது எதிர்காற்றிலும் போகும்” என்று சும்மா இருக்காமல் சொல்லிவைத்தார். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் போவதுதான் உலக நியாயம் என்று நம்பியிருந்த நாட்டில் இது சாதாரணச் செய்தியா? கார்ஸ்டன் பிராண்ட் என்ற இன்னொரு டச்சுக் கிழவரைத் தேடிப்பிடித்து, படகைச் செப்பனிட்டு யாவுசா ஆற்றில் விட்டார்கள். ஆறு குறுகல். படகு இந்தக் கரையில் முட்டியது, அந்தக் கரையில் முட்டியது. குளத்தில் விட்டார்கள், குளமும் போதவில்லை. பெரிய ஏரிக்குப் போனார்கள். ஏரியும் போதாமல் போனது.

மிச்சம் இருந்தது கடல். அதற்கு அம்மா சம்மதிக்க வேண்டும். 1693-ல், “கப்பலைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன், ஏற மாட்டேன்” என்று நதால்யா அம்மாளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு ஆர்க்காங்கெல்ஸ்க் போனார் மன்னர். போனார், பார்த்தார், ஏறினார். திரும்பி வரச்சொல்லி அம்மா கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டாள். அத்தனை பெரிய சாம்ராஜ்யத்தில் அவருக்கு உத்தரவு போடக்கூடிய ஒரே ஆள், அந்த உத்தரவுக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான்.

அடுத்த வருடம் அம்மா இல்லை. வெண்கடலில் சொலொவெத்ஸ்கி மடத்துக்குப் படகில் கிளம்பினார்கள். இதுதான் நிஜமான வகுப்பு. புயல் பிடித்துக்கொண்டது. பாயைச் சுருட்டியாகிவிட்டது. கூட வந்த பேராயர் அஃபனாசி, எல்லாருக்கும் கடைசிப் பிரசாதம் கொடுத்து முடித்தார். சுக்கானில் நின்றவர் அந்திப் திமொஃபேயெவ் என்ற உள்ளூர் ஆள், கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர். பீட்டர் குறுக்கே புகுந்து யோசனை சொல்லப்போக, “தள்ளிப் போங்க, எந்தப் பக்கம் திருப்பணும்னு உங்களைவிட எனக்குத் தெரியும்” என்கிற தோரணையில் அந்திப் ஒரு அதட்டல் போட்டதாகக் கதை. கதையோ நிஜமோ, ஊன்ஸ்கயா வளைகுடாவின் பாறைகளுக்கு நடுவே படகை நுழைத்து எல்லாரையும் கரையேற்றியது அந்திப்தான். பீட்டரோ கரையில் தம் கையாலேயே பெரிய மரச் சிலுவை ஒன்றைச் செதுக்கி, இதைச் செய்தது காப்டன் பீட்டர் என்று டச்சு மொழியில் பொறித்து நட்டுவைத்தார். அந்தக் கரையில் டச்சு படிக்கக் கூடியவை மீன்கள்தான், அவற்றுக்கும் நிச்சயமில்லை. படகை ஓட்டினவர் பெயர் சிலுவையில் இல்லை.

டச்சுக்காரர்கள்தான் குரு என்று முடிவாகிவிட்ட பிறகு, குருகுலத்துக்கே போவது என்று கிளம்பினார். சுமார் 250 பேர் கொண்ட தூதுக்குழு. அதில் பியோத்தர் மிகைலோவ் என்ற பெயரில் பேரரசரும் ஒருவர். யாரும் கண்டுபிடிக்கக் கூடாதாம். ஆறரை அடியையும் தாண்டிய ஓர் ஆள், முகம் அவ்வப்போது வெட்டி இழுக்கும், சுற்றி நிற்பவர்கள் எல்லாம் அவர் சொன்னதற்கெல்லாம் நடுங்குவார்கள். மாறுவேடம் என்றால் இதுவல்லவா மாறுவேடம்.

1697 ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை. ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே ஸான்டாம். எங்கு பார்த்தாலும் கப்பல் பட்டறையும் காற்றாலையுமாக இருந்த ஊர். பீட்டர் சின்னப் படகில் வந்துகொண்டிருந்தபோது, தண்ணீரில் ஒருவர் விலாங்கு பிடித்துக்கொண்டிருந்தார். கெரித் கிஸ்ட், கொல்லர், முன்பு ரஷ்யாவில் வேலை பார்த்தவர். பீட்டர் அடையாளம் கண்டு ஆரவாரமாகக் கூப்பிட்டு, உன் வீட்டில்தான் தங்குவேன் என்றார். கிஸ்ட் வீடு மரத்தால் ஆன குச்சு. அதிலும் பின்பகுதியில் ஒரு விதவை குடியிருந்தாள். அவளுக்குச் சில கில்டர் கொடுத்துக் காலி செய்யவைத்தார்கள். படுக்கை என்பது சுவரில் அலமாரி போலக் கதவு வைத்த ஒரு பொந்து. உள்ளூர்க்காரர்களே அதில் சாய்ந்து உட்கார்ந்தாற்போலத்தான் தூங்குவார்கள். பேரரசர் தம்மை எத்தனை மடிப்பாக மடித்துக்கொண்டார் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

மறுநாள் கோடாலி, வாய்ச்சி, உளி எல்லாம் வாங்கினார். லின்ஸ்ட் ரோகே என்பவரின் பட்டறையில் தச்சராகப் பெயர் கொடுத்தார். செம்மையாகத்தான் வேலை செய்தார், அதில் சந்தேகமில்லை; மரம் செதுக்குவதில் அவருக்கு உண்மையான கைவண்ணம் இருந்தது. சிக்கல் பட்டறைக்கு வெளியே. ரஷ்யாவில் வேலை பார்த்த ஒருவர் ஊருக்கு எழுதிய கடிதத்தில் ஜார் மன்னரின் அங்க அடையாளம் வந்து சேர்ந்திருந்தது: நெட்டை, தலை ஆடும், வலது கன்னத்தில் மரு. கடிதம் போய்ச்சேர்ந்த இடம் முடிதிருத்தும் கடை. அதற்கு மேல் ஊருக்குத் தண்டோரா எதற்கு?

ஒரு நாள் தொப்பி நிறைய பிளம் பழம் வாங்கித் தின்றுகொண்டே நடந்தார் பீட்டர். பின்னால் பையன்கள். பிடித்தவர்களுக்குக் கொடுத்தார், மற்றவர்களுக்கு இல்லை என்றார். கிடைக்காதவர்கள் அழுகின பழத்தையும் சேற்றையும் கல்லையும் எடுத்து எறிந்தார்கள். எந்த ஊரிலும், எந்தத் தச்சருக்கும் நடக்கக்கூடியதுதான். சாதாரண ஆளாக வாழ வந்தவருக்கு சாதாரண அனுபவம் கிடைத்துவிட்டது, சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவரோ ஒரு விடுதிக்குள் ஓடிப் பதுங்கிக்கொண்டு ஊர்த் தலைவருக்கு ஆள் அனுப்பினார். உடனே அறிவிப்பு வந்தது: தங்களை யாரென்று காட்டிக்கொள்ள விரும்பாத முக்கியப் பிரமுகர்களை யாரும் அவமதிக்கக் கூடாது. அதுவரை சந்தேகத்தில் இருந்த நாலு பேருக்கும் சந்தேகம் தீர்ந்தது.

பிறகு ஆம்ஸ்டர்டாமிலிருந்தே கூட்டம் வரத் தொடங்கியது. மார்ஷே என்று கூப்பிடப்பட்ட ஒருவன் ரொம்பக் கிட்டே வந்து முறைத்துப் பார்க்க, பீட்டர் ஓங்கி ஓர் அறை விட்டார். “மார்ஷேவுக்கு வீரப்பட்டம் கிடைச்சாச்சு” என்று கூட்டம் கைதட்டியது. சனிக்கிழமை ஒரு பெரிய கப்பலை உருளைகள் வைத்து அணைக்கு மேலே இழுத்துக் கடத்தும் வேலை. கப்பல் கற்க வந்தவன் கண்கொட்டாமல் பார்க்க வேண்டிய காட்சி. இடம் பிடித்து வைத்து அழைக்கவும் வந்தார்கள். பீட்டர் கதவைத் திறந்தார், ஜனத்தைப் பார்த்தார், கூட்டம் அதிகம் என்று கத்தினார், கதவைச் சாத்திக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பலத்த காற்று. கிளம்பாதீர்கள் என்றார்கள். அந்த ஊரில் வாங்கிய சின்னப் படகில் ஏறி, பாயை விரித்து, மூன்று மணி நேரத்தில் ஆம்ஸ்டர்டாம் போய்ச் சேர்ந்தார். அந்த வாரத்தில் அவர் உருப்படியாகச் செய்த கடல் பயணம், ஊரை விட்டு ஓடியதுதான்.

ஆம்ஸ்டர்டாமில் நிகொலாஸ் விட்சன் என்ற நகரத் தலைவர் விஷயம் தெரிந்தவர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டறையில் இடம் வாங்கிக் கொடுத்தார். சுற்றி மதில் இருந்தது, மன்னர் நாலு மாதம் நிம்மதியாக ஓடாவியாக இருந்தார். ஒரு போர்க்கப்பல் கட்டி முடித்து, கெரித் பூல் என்ற மூத்த ஓடாவியிடம் சான்றிதழும் வாங்கினார். பிறகுதான் ஒரு குறை கண்டுபிடித்தார்: டச்சுக்காரர்கள் வரைபடம் போடாமல் கண்ணளவிலேயே கட்டுகிறார்கள், கேட்டால் கை சொல்கிறது என்கிறார்கள். வரைபடம் தேடி இங்கிலாந்து போனார். அங்கே எழுத்தாளர் ஜான் ஈவ்லினின் வீட்டில் தங்கி, தள்ளுவண்டியில் உட்கார்ந்து அவருடைய முள்வேலியைத் துளைத்து விளையாடியதும், சேதத்தைக் கணக்கிட வந்த கிறிஸ்டோபர் ரென் கணக்குப் போட்டுக் களைத்ததும், சுமார் 350 பவுண்டு பில்லை அரசாங்கம் கட்டியதும் தனி அத்தியாயம்.

தாம் படித்தால் போதுமா? அதே 1697-ல் ஐம்பதுக்கு மேற்பட்ட பிரபுக்களையும் அனுப்பியிருந்தார், அவரவர் செலவில். பாடத்திட்டம் தெளிவு: கடல்வரைபடம், திசைகாட்டி, பாய், கயிறு, முடிந்தால் ஒரு கடற்போர். சான்றிதழ் இல்லாமல் ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே. பெரும்பாலானோர் முனகிக்கொண்டே போனார்கள். தானாக முன்வந்தவர் பியோத்தர் தல்ஸ்தோய், வயது 52, பேரன் எடுத்தவர். பழைய அரண்மனைக் கலகத்தில் தப்பான பக்கம் நின்ற கணக்கு ஒன்று பாக்கி இருந்தது, அதை உப்புத் தண்ணீரில் கழுவலாம் என்று எண்ணம். வெனிஸ் போனார், கணிதம் படித்தார், அட்ரியாட்டிக் கடலில் அலைந்தார், புயலில் பயப்படவில்லை என்று காப்டன்களிடம் எழுதி வாங்கினார்.

அத்தனை சான்றிதழ்களையும் பார்த்த பீட்டர், தல்ஸ்தோய்க்குக் கப்பல் எதுவும் கொடுக்கவில்லை. துருக்கிக்குத் தூதராக அனுப்பிவிட்டார். 1710-ல் போர் மூண்டதும் சுல்தான் அவரை கான்ஸ்டான்டினோபிளின் ஏழு கோபுரச் சிறையில் போட்டார். சிறைக்குப் பக்கத்திலேயே கடல். காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்று கைதிகளில் அவர் ஒருவருக்காவது சரியாகத் தெரிந்திருக்கும்.