இரண்டாவது கமெரா

ரொறன்ரோவில் தமிழ்த் தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கும் அண்ணையோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிடக்கூடாது. கதை மாறினால் அவருடைய முகமும் திரும்பிவிடும். கோபமில்லை. கலையகத்தில் ஒரு செய்தி முடிந்ததும் அடுத்ததை இரண்டாவது கமெராவுக்கு வாசித்துப் பழகிய கழுத்து அது. வீட்டுக்கடன் வட்டியை என்னிடம்தான் தொடங்குவார். மகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்த கதை வந்ததும் கழுத்து இடப்பக்கம் போய்விடும். அங்கே ஆள் இருக்கவேணும் என்றில்லை. ஸ்காபரோவில் ஒரு சாமத்தியவீட்டில் அந்தப் பெருமை முழுவதையும் தண்ணீர்ப் போத்தல் ஒன்றுதான் கேட்டது. பாவம் பார்த்து நான் கதிரையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய் இருந்தேன். உடனே அடுத்த செய்தி. பழையபடி முதலாவது கமெரா!

அவருடைய மனிசி, அக்காவின் பாடு சொல்லி மாளாது. "இஞ்சேருங்கோ, கறிக்கு உப்புக் காணுமோ?" என்று கேட்டுவிட்டு இரண்டு வினாடி காத்து நிற்பா. கேள்வி செய்மதிக்குப் போய்த் திரும்ப வேண்டாமா?

சாப்பாட்டின் கடைசியில் அழைப்பிதழ், கைதுடைக்கும் கடதாசி, அகப்பட்டதை எல்லாம் அடுக்கி, மேசையில் இரண்டு தட்டுத் தட்டி விளிம்பை நேராக்குவார். இனி நாங்கள் எழும்பலாம்.

1982இல் இலங்கையில் தொடங்கிய ரூபவாஹினித் தொலைக்காட்சியில் கொஞ்சக்காலம் வாசித்தவர். கொஞ்சக்காலம் என்பது எங்கள் கணக்கு. "ஜப்பான்காரன் கட்டடம் தந்தான், குரல் நான் குடுத்தனான்" என்பது அவருடைய கணக்கு. இங்கே பகலில் வீடு விற்கும் முகவர்.

செத்தவீட்டில் மட்டும் அண்ணையை விட்டால் ஆளில்லை. சுழிபுரத்தில் பிறந்தவர், வட்டுக்கோட்டையில் வாழ்ந்தவர், நோர்வேயில் மருமகன், சுவிஸில் பேரப்பிள்ளைகள் என்று ஒரு பெயர் தடக்காமல் வாசிப்பார். அழுகிறவர்களும் கொஞ்சம் நிறுத்திக் கேட்பார்கள்.

இந்த மனிசனுக்கு நிலையம் பெற்றோல் காசுகூடக் கொடுப்பதில்லை. மைனஸ் 20இல் சொந்தக் கார், சொந்தக் கோட், சொந்த டை. செய்திக்கு இடையில் ஓடும் நகைக்கடை விளம்பரத்துக்குக் காசு வருகிறது. அதற்குக் குரலும் இவர்தான், அதுவும் சும்மா. வாய் திறந்தால் "உங்கட முகம் நாலு பேருக்குத் தெரியுதுதானே அண்ணை" என்கிறார்கள். தெரிகிறதுதான். முகம் தெரிந்து வீடு வாங்க வருகிற ஒவ்வொருவரும், "நீங்கள் எங்கட ஆள்தானே" என்று கமிஷனில் பாதியைக் கழிக்கச் சொல்கிறார்கள்.